வார்டும் வகுப்பறையும்: எம்.எஸ்சி. நர்சிங் படிக்க நினைப்பவர்களுக்கு

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. வகுப்புப் பாடம், மருத்துவமனைப் பயிற்சி, ஆய்வேடு மூன்றும் அதில் அடங்கும். சேர்க்கைத் தகுதியையும் பாடத்திட்டத்தையும் வகுத்தது, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகங்களின் வேலை. அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் தேசிய நர்சிங், மருத்துவச்சிப் பணி ஆணையத்தை அமைக்கும் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்திருக்கிறது.

காரைக்கால் மாவட்டத்து விழிதியூர் போன்ற ஒரு சிற்றூரிலிருந்து இந்தப் படிப்புக்குப் போகும் வழி கொஞ்சம் சுற்று வழி. காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டியது. ஒரு பக்கம் கடல். மற்றப் பக்கங்களில் மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று தமிழ்நாட்டு மாவட்டங்கள். ஆனால் நிர்வாகமும் கல்விச் சேர்க்கையும் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியுள்ள புதுச்சேரியில். எல்லைக்கு அப்பால் உள்ள பக்கத்து ஊர்ப் பெண் தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பாள். இருப்பிடச் சான்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தது என்பதால் விழிதியூர்ப் பெண் அதே ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க முடியாது. வயலுக்கு நடுவே ஓடும் அந்த எல்லை, படிப்பு என்று வரும்போது உண்மையான சுவராகவே நிற்கிறது.

தென்னாட்டில் செவிலியர் பயிற்சியின் வேர் ஆழமானது. சென்னை எழும்பூரில் 1844இல் தொடங்கிய அரசுப் பிரசவ மருத்துவமனையில் 1854இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி வந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1926இல் சென்னை மாகாணத்துக்கெனச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. இத்தனைக்கும் பிறகு 1946 வரை செவிலியருக்குப் பட்டம் என்று ஒன்று இந்தியாவில் கிடையாது. அந்த ஆண்டுதான் தில்லியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இளநிலைப் பட்டப் படிப்பு தொடங்கியது. நாட்டின் மருத்துவத் துறையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியின் அறிக்கை வந்ததும் அதே ஆண்டில்தான். செவிலியர் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் வரவேண்டும் என்று அது சொன்னது. முதுநிலைப் படிப்பு 1959இல் தில்லியில், இன்று ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கியிருக்கும் கல்லூரியில் தொடங்கியது. 1960களின் இறுதியில் வேலூருக்கும் வந்தது. 1988இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் அது மாநிலம் முழுவதும் பரவியது.

யார் சேரலாம்?

பி.எஸ்சி. நர்சிங் அல்லது டிப்ளமோவுக்குப் பின் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்க வேண்டும். மொத்தத்தில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. மாநில நர்சிங் கவுன்சிலில் செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் பதிவு செய்திருக்க வேண்டும். கூடவே ஓராண்டுப் பணி அனுபவம் கட்டாயம். பி.எஸ்சி. படித்தவருக்கு அது பட்டத்துக்குப் பின் பெற்றதாக இருக்க வேண்டும். போஸ்ட் பேசிக் வழியில் வந்தவர், அந்தப் படிப்புக்கு முன் வார்டில் வேலை பார்த்த காலத்தையும் காட்டலாம்.

இந்த ஓராண்டு விதியைப் பலர் தடையாகப் பார்க்கிறார்கள். சிலர் எங்காவது ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஆனால் முதுநிலைப் படிப்பின் முழுப் பயனும் இந்த ஓராண்டைத்தான் சார்ந்திருக்கிறது. நைட் டியூட்டியில் நாற்பது படுக்கைக்கு இரண்டு பேராக நின்றவருக்கு, வகுப்பில் பணியாளர் ஒதுக்கீடு பற்றிய பாடம் நடக்கும்போது ஒவ்வொரு வரியும் புரியும். நிற்காதவருக்கு அது மனப்பாடம் செய்யவேண்டிய இன்னொரு பக்கம், அவ்வளவுதான்.

ஜி.என்.எம். டிப்ளமோ மூன்றாண்டு, போஸ்ட் பேசிக் இரண்டாண்டு, இடையில் ஓராண்டு வேலை, பிறகு முதுநிலை இரண்டாண்டு என்று கூட்டினால் எட்டு ஆண்டு. பி.எஸ்சி. வழியில் வந்தால் ஏழு. வித்தியாசம் பெரிதல்ல. காரைக்கால் போன்ற இடத்தில் குடும்பச் செலவுக்காக டிப்ளமோவோடு வேலைக்குப் போன பெண்களுக்குக் கதவு மூடிவிடவில்லை என்பதற்காக இந்தக் கணக்கு.

அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள், தொலைநிலையிலோ இணைய வழியிலோ நடத்தக்கூடாத படிப்புகளின் பட்டியலில் நர்சிங்கை வைத்திருக்கின்றன. வேலையை விடாமல் வீட்டிலிருந்தே பட்டம் என்று யாராவது விளம்பரம் செய்தால் விலகிப்போவதே நல்லது.

இரண்டு ஆண்டில் என்ன நடக்கும்?

முதல் ஆண்டில் நான்கு பாடங்கள்: நர்சிங் கல்வியியல், உயர்நிலை நர்சிங் பயிற்சி, ஆய்வு முறையும் புள்ளியியலும், தேர்ந்தெடுத்த சிறப்புத் துறையின் முதல் பகுதி. இரண்டாம் ஆண்டில் நர்சிங் மேலாண்மை, சிறப்புத் துறையின் இரண்டாம் பகுதி, ஆய்வேடு. கவுன்சிலின் பாடத்திட்டத்தில் மணிக்கணக்கைப் பார்த்தால் படிப்பின் உருவம் தெரியும். முதலாண்டில் வகுப்பு 600 மணி, செய்முறை 1,100 மணி. இரண்டாம் ஆண்டில் வகுப்பு 300 மணியாகக் குறைகிறது. செய்முறையும் ஆய்வுமாக 1,400 மணி. சிறப்புத் துறைக்கு மட்டும் முதலாண்டில் 650 மணி, இரண்டாம் ஆண்டில் 950 மணி வார்டில் கழிக்க வேண்டும். ஏட்டளவில் இது பெரும்பாலும் நோயாளியின் பக்கத்தில் நின்று கற்கும் படிப்பு. கல்லூரியின் தரத்தை அளக்க விரும்புகிறவர், இந்த 1,600 மணி நேரம் உண்மையில் எங்கே கழிகிறது என்று கேட்டாலே போதும்.

கல்வியியல் பாடத்தில் பாடத்திட்டம் தயாரிப்பது, வினாத்தாள் அமைப்பது, இளநிலை மாணவியருக்கு வகுப்பெடுப்பது எல்லாம் வரும். மேலாண்மைப் பாடத்தில் வார்டு நிர்வாகம், டியூட்டி பட்டியல், தரக்கட்டுப்பாடு, வரவுசெலவுத் திட்டம். உயர்நிலைப் பயிற்சிப் பாடத்தில் நர்சிங் கோட்பாடுகளைப் படிக்கிறார்கள். நோயாளி தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் திறனை மையமாக வைத்த டோரத்தியா ஓரம், மனிதரைச் சூழலுக்கேற்பத் தகவமைத்துக்கொள்ளும் அமைப்பாகப் பார்த்த சிஸ்டர் கலிஸ்டா ராய், 1952இல் செவிலியர் நோயாளி உறவைப் பற்றி நூல் எழுதிய ஹில்டகார்டு பெப்லாவ் ஆகியோர் முதல் சில மாதங்களிலேயே அறிமுகமாகிவிடுவார்கள்.

தேர்ந்தெடுக்கும் சிறப்புத் துறை ஐந்தில் ஒன்று: மருத்துவ அறுவைச் சிகிச்சை நர்சிங், மகப்பேறும் மகளிர் நலமும், குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம். முதலாவதில் உட்பிரிவுகள் உண்டு. இதயமும் நெஞ்சகமும், தீவிர சிகிச்சை, புற்றுநோய், நரம்பியல், சிறுநீரகம், எலும்பியல் என்று போகும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்கள் இருப்பதால் இந்தத் துறைகளில் பயிற்சி பெறத் தமிழ்நாட்டுக்கு வெளியே போகவேண்டிய கட்டாயமில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், எந்தத் துறையில் இடம் கிடைக்கிறதோ அது என்பதுதான். வேலை வாய்ப்பை நினைப்பவர்கள் மருத்துவ அறுவைச் சிகிச்சையையும் மகப்பேறையும் நாடுகிறார்கள். சமுதாய நலத்தை வேறு வழியில்லாதவர்கள் எடுக்கும் துறை என்று நினைக்கும் வழக்கம் இருக்கிறது. காரைக்கால்காரர் யாரும் அப்படி நினைக்கக்கூடாது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் கடற்கரைக்குத் தேவைப்பட்டது முகாம் சுகாதாரமும் மனநல ஆதரவும். 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, காலரா உறுதியாகி, பொதுச் சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம்தான் முதலில் எழுந்தது. மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பியதை எல்லோரும் பார்த்தார்கள். நோய் தெருவில்தான் இருந்தது. வீடுவீடாகப் போய், யாருக்கு எப்போது தொடங்கியது, எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்று எழுதி எடுத்து வருகிறவர் அந்த நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியருக்குச் சமமானவர். அந்த வேலையை முறையாகக் கற்றுத்தருவது சமுதாய நல நர்சிங்.

ஆய்வேடு

மாணவியர் பேச்சில் இது தீசிஸ். இரண்டு ஆண்டும் தலைக்கு மேல் தொங்குவது இதுதான். தலைப்பு முடிவு செய்து, கைடு ஒப்புதல் பெற்று, நெறிமுறைக் குழுவின் முன் நின்று அனுமதி வாங்க வேண்டும். வினாத்தாளைத் தயாரித்து, துறை வல்லுநர்களிடம் அனுப்பித் திருத்த வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கி, அந்தத் தமிழை இன்னொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கி, பொருள் மாறவில்லை என்று காட்ட வேண்டும். ஒப்புதல் படிவத்தில் நோயாளியின் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வேண்டும். சிறிய அளவில் முன்னோட்ட ஆய்வு, பிறகு தரவு சேகரிப்பு, புள்ளியியல், ஐந்தாறு அத்தியாயங்கள், பைண்டிங், கடைசியில் வைவா.

இந்த உழைப்பில் பெரும்பகுதி வீணாகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டு எம்.எஸ்சி. ஆய்வேடுகளின் தலைப்புகளை வரிசையாகப் படித்தால் ஒரே அச்சு மீண்டும் மீண்டும் வருவது தெரியும்: குறிப்பிட்ட ஒரு நோயைப் பற்றி, குறிப்பிட்ட ஓர் ஊரில், குறிப்பிட்ட சிலருக்குத் திட்டமிட்ட பாடம் நடத்தினால் அவர்களின் அறிவு கூடுகிறதா? முதலில் ஒரு வினாத்தாள், பிறகு பாடம், ஒரு வாரம் கழித்து அதே வினாத்தாள். மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் போனால்தான் வியப்பு. பாடம் கேட்டவர் ஒரு வாரம் கழித்துச் சரியான பதில் சொன்னார் என்பதிலிருந்து யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

இதே இரண்டு ஆண்டில், இதே வசதியில் நல்ல கேள்வி கேட்க முடியும். காரைக்கால் காலராவையே எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். வீட்டில் லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கிறதா? தாய்மார் பொட்டலத்தைப் பாதி பாதியாக டம்ளரில் கரைக்கிறார்களா? அப்படிக் கரைத்தால் கரைசல் அளவுக்கு மீறிச் செறிவாகிவிடும். குழந்தைக்கு அது நல்லதல்ல. காலையில் கரைத்ததை மறுநாளும் கொடுக்கிறார்களா? 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. இதற்கு வினாத்தாள் உதவாது, ஏனென்றால் எல்லோருக்கும் சரியான பதில் தெரியும். அடுக்களைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஐம்பது அறுபது வீடுகளில் பார்த்து எழுதினால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணைச் செவிலியர் (ஏ.என்.எம்.) நாளைக்கே பயன்படுத்தக்கூடிய செய்தி கிடைக்கும். ஓர் எம்.எஸ்சி. மாணவியின் அளவுக்கு ஏற்ற ஆய்வு இது. இதற்குப் பெரிய பணமும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

எங்கே படிப்பது?

காரைக்காலில் அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. கீழகாசாக்குடியில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2016 முதல் ஜிப்மர் கிளை மருத்துவப் படிப்பை நடத்துகிறது. முதுநிலை நர்சிங் என்று வரும்போது பெரும்பாலோர் பேருந்து ஏற வேண்டியிருக்கும். புதுச்சேரி ஜிப்மரின் நர்சிங் கல்லூரி நுழைவுத் தேர்வு வைத்து எம்.எஸ்சி. மாணவர்களைச் சேர்க்கிறது. பிள்ளையார்குப்பத்தில் உள்ள கஸ்தூரிபா காந்தி நர்சிங் கல்லூரியிலும் இந்தப் படிப்பு உண்டு. புதுச்சேரி போகும் வழியிலேயே சிதம்பரத்தில், முன்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரி இருக்கிறது. இன்னும் தள்ளிப் போனால் வேலூர், சென்னை, மதுரை. தில்லி எய்ம்ஸுக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு. மனநல நர்சிங்குக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ்.

புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சேர்க்கை, அந்த அரசின் ஒருங்கிணைந்த சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக நடக்கிறது. தொழிற்படிப்புகளில் காரைக்கால் வட்டாரத்துக்கென ஒதுக்கீடு வைப்பது அங்கே வழக்கம். முதுநிலை நர்சிங்குக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீடு வெளி மாநிலத்தவருக்கும் திறந்திருக்கிறது, அதற்கான கட்டணத்தோடு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கக் கட்டடத்தைப் பார்த்துப் பயனில்லை. சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் படுக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா, தேர்ந்தெடுக்கும் துறையில் தினம் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், ஆய்வுக்கு வழிகாட்டுபவருக்கு அதே துறையில் அனுபவம் உண்டா என்று கேட்க வேண்டும். தீவிர சிகிச்சை நர்சிங் படிக்கப் போய், வென்டிலேட்டர் ஓடாத வார்டில் இரண்டு ஆண்டைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே படித்து முடித்த சீனியர்களைத் தேடிப் பேசினால் எந்தக் கையேட்டிலும் இல்லாத உண்மை பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேலையில் இருப்பவர்களின் கணக்கு

படிக்க விரும்புகிறவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். கல்விக் கட்டணத்தைவிட, விட்டுப்போகும் சம்பளம்தான் பெரிய செலவு. மத்திய அரசு நிறுவனத்தில் நர்சிங் ஆபீசர் பணி ஏழாவது ஊதியக் குழுவின் ஏழாம் நிலையில் தொடங்குகிறது. அடிப்படை ஊதியம் மாதம் 44,900 ரூபாய். இரண்டு ஆண்டு சம்பளமில்லா விடுப்பில் போனால், படிகளைச் சேர்க்காமலே 10,77,600 ரூபாய் போகும். இதைத் தாங்க ஒரு வழி, படிப்பு விடுப்பு. ஐந்து ஆண்டு பணி முடித்த மத்திய அரசு ஊழியருக்கு மொத்தப் பணிக்காலத்தில் 24 மாதம் வரை விடுப்பு ஊதியத்தோடு படிப்பு விடுப்பு தரலாம் என்று விதி இருக்கிறது. திரும்பி வந்து மூன்று ஆண்டு பணியாற்றுவதாகப் பாண்டு எழுதித்தர வேண்டும். அது உரிமையல்ல, அதிகாரி தரும் அனுமதி. வார்டில் ஆள் பற்றாக்குறை என்ற ஒரு வரியில் விண்ணப்பம் திரும்பி வரவும் கூடும். தனியார் மருத்துவமனையில் வேலை பார்ப்பவருக்கு இந்த வழியும் இல்லை. ராஜினாமா செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

படித்து முடித்தபின் என்ன கிடைக்கும்? நேரான பாதை ஆசிரியப் பணி. டியூட்டர், உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படிகள் உண்டு. கல்லூரி முதல்வராக எம்.எஸ்சி.யோடு மொத்தம் 15 ஆண்டு அனுபவம் வேண்டும். பிஎச்.டி.க்கும் இதுதான் வாசல். இந்தப் பாதைக்குப் பட்டம் கட்டாயம், பயன் தெளிவு.

நோயாளியின் பக்கத்திலேயே இருக்க விரும்புகிறவருக்கு நிலைமை வேறு. நர்சிங் ஆபீசர் பணிக்கு பி.எஸ்சி. போதும், அனுபவத்தோடு டிப்ளமோவும் போதும். எம்.எஸ்சி. முடித்தவரும் அதே தேர்வை எழுதி, அதே சம்பளத்தில், அதே வார்டில் அதே வேலையைச் செய்கிறார். இதயத் துறையில் 1,600 மணி நேரம் பயிற்சி பெற்றவரை வேறு வார்டுக்கு மாற்றவும் தயங்குவதில்லை. சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியருக்கென மருத்துவமனையில் பதவியும் ஊதியமும் இல்லாததால், நல்ல கைகள் எல்லாம் வகுப்பறைக்குப் போய்விடுகின்றன. நாட்டின் முதுநிலை நர்சிங் கல்விக்கு இதைவிடப் பெரிய குறை இல்லை.

இதை மாற்றக் கவுன்சில் எடுத்த ஒரு முயற்சி, தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பு. இதுவும் இரண்டு ஆண்டு. ஆனால் வகுப்பு ஐந்தில் ஒரு பங்குதான், மீதி நான்கு பங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் ரெசிடென்ட் முறையில் கழிகிறது. சேர ஓராண்டு மருத்துவமனைப் பணி அனுபவம் வேண்டும், அது தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றதாக இருப்பது நல்லது. மகப்பேற்றில் இதே போல மருத்துவச்சிப் பணிக்கான 18 மாதப் பயிற்சியை, மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி நடத்துகிறார்கள். படுக்கையருகே இருக்கத் துடிப்பவர்கள் இந்த இரண்டையும் முதலில் விசாரிக்கலாம்.

வெளிநாட்டில் பாடவழி முதுநிலை

வெளிநாடுகளில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒன்று பாடவழி: குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாடங்களை முடித்து, கடைசியில் ஒரு செயல்திட்டமோ களப்பயிற்சியோ செய்தால் பட்டம். இன்னொன்று ஆய்வுவழி: பாடங்கள் குறைவு, ஆய்வேடு பெரிது. ஆஸ்திரேலியாவின் தகுதிச் சட்டகத்தில் ஒன்பதாம் நிலையில் இரண்டும் தனித்தனிப் பெயரோடு நிற்கின்றன. கனடாவின் பல பல்கலைக்கழகங்களிலும் இந்த இரண்டு வழிகள் உண்டு. இங்கிலாந்தில் பாடவழியையே பெரும்பாலோர் எடுக்கிறார்கள். வேலையில் உயர நினைப்பவருக்குப் பாடவழி பொருந்தும். பிஎச்.டி. செய்ய நினைப்பவர் ஆய்வுவழியை எடுப்பது நல்லது. பாடவழியில் வந்தால் பிறகு ஆய்வு அனுபவம் எங்கே என்று கேட்பார்கள். இந்திய எம்.எஸ்சி. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றியிருக்கிறது. அதனால்தான் அதன் ஆய்வேடு அவசரத்தில் எழுதப்படுகிறது என்றும் சொல்லலாம்.

தொலைவிலிருந்து கற்பிப்பதில் கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகம் முன்னோடி. இலங்கையின் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் செவிலியர் பட்டப் படிப்பைத் தொடங்கியபோது அத்தபாஸ்காவின் துணை இருந்தது. வேலையில் இருந்த இலங்கைச் செவிலியர்கள் வேலையை விடாமல் பட்டம் பெற அது வழி திறந்தது. இந்தியா அடைத்து வைத்திருக்கும் கதவு அங்கே வேறு விதமாகத் திறந்திருக்கிறது. செய்முறைப் பயிற்சியை அவரவர் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே கண்காணித்து நடத்த முடிந்தால் இங்கேயும் யோசிக்க வேண்டிய வழிதான்.

கல்விக் கடன் வாங்கி வெளிநாடு போக நினைப்பவர் ஒன்றை முதலில் மனதில் கொள்ள வேண்டும். முதுநிலைப் பட்டம் வேறு, செவிலியராக வேலை செய்யும் உரிமம் வேறு. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2015 முதல் என்கிளெக்ஸ் தேர்வு எழுதித்தான் பதிவுச் செவிலியர் ஆக முடியும். இங்கிலாந்தில் கணினித் தேர்வும், செய்முறைத் தேர்வும், ஆங்கிலத் தகுதியும் தனியாக வேண்டும். முதுநிலையில் சேர்ந்தால் இவை தானாக வந்துவிடும் என்று சொல்லும் ஏஜென்டுகள் உண்டு, அது பொய். சில பல்கலைக்கழகங்கள் அந்த நாட்டுப் பதிவு இல்லாதவரைச் செய்முறை உள்ள படிப்பில் சேர்ப்பதே இல்லை. உரிமம் முதலில், பட்டம் பிறகு என்ற வரிசையில் போனவர்கள்தான் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

காரைக்காலுக்கே உரிய இன்னொரு வழி பிரான்ஸ். 1954 நவம்பரில் நிர்வாகம் கைமாறி, 1962இல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. உறவினர் அழைப்பில் அங்கே போகும் செவிலியர்களும் உண்டு. பிரான்ஸ் 2018 ஜூலையில் உயர்நிலைச் செவிலியர் என்ற பதவியை அரசாணை மூலம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு முடித்து, மூன்று ஆண்டாவது செவிலியராக வேலை பார்த்த அனுபவமும் இருந்தால் நாட்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கவும், சில பரிசோதனைகளைத் தாமே எழுதித்தரவும் அவர்களால் முடியும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற செவிலியர் பட்டம் அங்கே நேராகச் செல்லாது. குடியுரிமை இருந்தாலும் பிரெஞ்சு செவிலியர் பயிற்சி நிறுவனத்தின் வழியாகவே உள்ளே நுழைய வேண்டும். மொழியும் நன்றாக வர வேண்டும். இந்திய எம்.எஸ்சி.யை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு பாரீஸ் போவது ஏமாற்றத்தில் முடியும்.

விழிதியூரிலோ திருநள்ளாற்றிலோ இருந்து இப்போது பி.எஸ்சி. முடிக்கும் ஒருவருக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முதலில் ஓராண்டாவது கூட்டம் நிறைந்த வார்டில் உண்மையாக வேலை பார்க்க வேண்டும். அந்த ஆண்டிலேயே தன்னைத் தூங்கவிடாத கேள்வி எந்த வார்டில் எழுந்தது என்று கவனித்து, அந்தத் துறையையே எடுக்க வேண்டும். கவுன்சிலின் இணையதளத்தில் கல்லூரியின் பெயரும், அந்தச் சிறப்புத் துறைக்கான அனுமதியும் நடப்பு ஆண்டுக்கு இருக்கின்றனவா என்று பார்க்காமல் முன்பணம் கட்டக்கூடாது. அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. காரைக்கால் பொது மருத்துவமனை அளவிலான ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் தீவிர சிகிச்சைக்கும் மகப்பேற்றுக்கும் சமுதாய நலத்துக்கும் முதுநிலைச் செவிலியர் பதவி ஒவ்வொன்றாவது, உரிய ஊதியத்தோடு உருவாக்கப்பட வேண்டும். அதுவரை இந்தப் பட்டத்தின் பயன் கல்லூரிகளுக்குப் போகும் அளவுக்கு நோயாளிகளுக்குப் போய்ச் சேராது.